புறம்போக்கு என்று நான் எழுதிய சரிவு

மலை என்று நான் அதுவரை பார்த்தது கொடைக்கானல் ஒன்றுதான். அதுவும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில், பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தபடி. அப்படிப்பட்ட என்னிடம்தான் மேற்கு ஜெர்மனியின் பான் நகரத்தில் ஒரு பேராசிரியர், இமயமலைச் சாரலில் இருக்கும் ஒரு பிரதேசத்தின் பொருளாதாரத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தார்.

1969 இலையுதிர் காலத்தில் நான் போய் இறங்கியபோது என் பெட்டியில் தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் சாகுபடியைப் பற்றி ஒரு கட்டுக் குறிப்பு இருந்தது. அதைத்தான் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று நம்பிக்கொண்டு போனேன். பேராசிரியர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அறை மூலையில் கிடந்த மூன்று அட்டைப்பெட்டிகளைக் காட்டினார். இமாச்சலப் பிரதேசத்தில் ஜெர்மன் உதவியோடு ஒரு விவசாயத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வந்த அறிக்கைகளும், நிலப் பதிவேடுகளின் நகல்களும் படிக்க ஆளில்லாமல் அந்தப் பெட்டிகளில் கிடந்தன.

"அது எங்கள் ஊர் இல்லையே. எங்கள் ஊரிலிருந்து அங்கே போக மூன்று நாள் ரயிலில் உட்கார வேண்டும்" என்றேன்.

"நீங்கள் இந்தியப் பெண்தானே? பிறகென்ன?" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அன்றைக்கும் வந்தது. ஆனால் என் உதவித்தொகைக் கடிதத்தில் அவர் கையெழுத்து இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தேன். ஆராய்ச்சிக்கு வழிகாட்டுபவரை அங்கே 'டாக்டர் அப்பா' என்று சொல்வார்கள். ஊரில் இருந்த ஒரு அப்பா போதாதென்று இங்கே இன்னொருவர் வாய்த்தார்.

இரண்டரை வருடம் அந்தப் பெட்டிகளோடு குடித்தனம் நடத்தினேன். ஆப்பிள், விதை உருளைக்கிழங்கு, கம்பளி, பைன் மரத்துப் பிசின், பட்டாளத்துக்குப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் மணியார்டர் என்று எல்லாவற்றையும் தனித்தனி அட்டவணையாகப் போட்டேன். எந்தப் பள்ளத்தாக்கில் எப்போது பனி உருகும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். 1971 ஜனவரியில் இமாச்சலம் முழு மாநிலமானபோது, 'யூனியன் பிரதேசம்' என்று வந்த இடங்களிலெல்லாம் 'மாநிலம்' என்று மாற்றி மறுபடியும் தட்டச்சு செய்தேன். அங்கே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டதற்கு, அதற்குப் பயணப்படி கிடையாது என்று பதில் வந்தது. சரி, போகாமலேயே நிபுணர் ஆகிவிடுவோம் என்று ஆகிவிட்டேன்.

நிலப் பதிவேட்டில் ஒரு வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வந்தது. காஸ்னி. செங்குத்தான மலைச்சரிவுகளுக்கு எதிரே அதைப் போட்டிருந்தார்கள். உழவு கிடையாது, தீர்வை கிடையாது, பட்டாதாரர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் பெரும்பாலும் 'அரசு' என்று இருந்தது. என் அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். அடங்கலையும் சிட்டாவையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். தீர்வையில்லாத அரசு நிலம் என்றால் என்ன? புறம்போக்கு. இதற்குப் போய் யாரையாவது கேட்க வேண்டுமா? எங்கள் தெருவில் உருப்படாத பிள்ளைகளைத் திட்டுவதே அந்த வார்த்தையால்தான். ஜெர்மன் மொழியில் ஒன்றுக்கும் உதவாத நிலத்தை ஓட்லாண்ட் என்பார்கள். காஸ்னி முழுவதையும் கூட்டி ஓட்லாண்ட் என்ற தலைப்பின் கீழ் கொண்டுபோய் வைத்தேன்.

கூட்டிப் பார்த்தால், அடேயப்பா, எவ்வளவு நிலம்! இவ்வளவையும் சும்மா போட்டு வைத்துக்கொண்டு ஒரு மாநிலம் ஏழையாக இருக்கிறதே என்று எனக்கு நிஜமாகவே பொறுக்கவில்லை. இந்தச் சரிவுகளுக்கெல்லாம் வேலி போட்டு ஆப்பிள் கன்று நட்டால் ஒரு தலைமுறையில் மாநிலம் தலை நிமிர்ந்துவிடும் என்று ஒரு அத்தியாயம் எழுதினேன். ஆய்வேட்டின் உயிரே அந்த அத்தியாயம்தான். பேராசிரியர் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதை நான்கு பக்கமாகச் சுருக்கித் தரச் சொன்னார். முதலில் எந்தெந்த ஊர்ச் சரிவுகளில் நடலாம் என்று ஒரு பட்டியலும் கேட்டார். மலையில் நடக்கும் திட்டத்துக்குப் பரிந்துரையாக அனுப்பப் போவதாகச் சொன்னார். நான் காற்றில் நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அன்றே கடிதம் எழுதினேன். அவர் அதைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்.

1972 மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. பேராசிரியர் துறையில் என் அறைக் கதவைத் தட்டி, "உங்கள் ஊர்க்காரர் வந்திருக்கிறார்!" என்று ஒருவரை உள்ளே விட்டுவிட்டுப் போனார். நாற்பது வயது இருக்கும். சிவந்த முகம், தலையில் வட்டத் தொப்பி, யாரோ கொடுத்த பெரிய கோட்டு. சிம்லாவுக்கு மேலே ஒரு கிராமத்தில் ஆப்பிள் பயிரிடுகிறவர். பான் நகருக்குப் பக்கத்தில் மெக்கன்ஹைம் என்ற ஊரில் பழத்தோட்டங்கள் உண்டு. அங்கே ஒரு விவசாயியிடம் நான்கு மாதம் பயிற்சிக்கு அந்தத் திட்டமே அவரை அனுப்பியிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கைகளைக் கூப்பி, மூச்சுவிடாமல் இந்தியில் பேச ஆரம்பித்தார். பாவம், எத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்தாரோ. நான் திருதிருவென்று விழித்தேன். கல்லூரியில் இந்தி வேண்டாம் என்று தெருவில் இறங்கிக் கத்தியவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே இந்தி வாக்கியம், இந்தி தெரியாது என்பது. அதைச் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. "நீங்க இலங்கையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இந்தியா!" என்றேன் வெடுக்கென்று.

"இந்தியாவா? இந்தி தெரியாதா?"

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது பெஹன்ஜி, தப்புதான்" என்றார். சிரித்துவிட்டேன். பெஹன்ஜி என்றால் சகோதரி என்று அவரே விளக்கம் சொன்னார். அவருக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலமும், தோட்டத்தில் பொறுக்கிய பத்து இருபது ஜெர்மன் வார்த்தைகளும், கையும் காலுமாகத்தான் அதன்பிறகு பேசிக்கொண்டோம்.

வந்தவருக்கு என் பெருமையைக் காட்ட வேண்டாமா? சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினேன். அவருடைய கிராமத்தை நானே விரல் வைத்துக் காட்டியதும் மனிதர் அசந்துபோனார். பிறகு அட்டவணையை விரித்தேன். ஒவ்வொரு தலைப்பாக மெல்லப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

"இங்க காஸ்னி இருக்கு. மேல ஓட்லாண்ட்னு இருக்கு. அப்படின்னா என்ன?"

"வேஸ்ட் லேண்ட். சும்மா கிடக்கிற நிலம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சும்மா இல்ல பெஹன்ஜி. புல்லு."

என் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து வரைந்தார். ஒரு சரிவு. மழைக்காலம் முழுக்க அதில் மாட்டை விடமாட்டார்கள். புல் இடுப்பு உயரம் வளரும். மழை நின்றதும் வீட்டுக்கு வீடு பெண்கள் அரிவாளோடு ஏறி, இரண்டு மாதம் அறுப்பார்கள். காயவைத்துக் கட்டாகக் கட்டி முதுகில் இறக்கி, மரக்கிளைகளிலும் வீட்டைச் சுற்றியும் அடுக்குவார்கள். பனி விழுந்து நிலமெல்லாம் மூடிக்கிடக்கும் மாதங்களில் மாடு தின்பது அந்தப் புல்லைத்தான். மாடு போடும் சாணம் வயலுக்குப் போகும், ஆப்பிள் மரத்துக்கும் போகும். சரிவில் எப்படிக் கால் வைத்து அறுக்க வேண்டும் என்று என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றி நடித்தே காட்டினார்.

"காகிதத்துல சர்க்கார் நிலம். ஆனா எந்த வீட்டுக்கு எந்தத் துண்டுன்னு ஊருக்குத் தெரியும். பாட்டன் காலத்துல இருந்து" என்றார்.

"அறிக்கையில் அப்படி இல்லையே" என்றேன். என் குரல் எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. நான் அங்கே ஆப்பிள் நடச் சொல்லியிருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் தாலுகாவிலேயே 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒன்று உண்டே! ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த நிலம். அப்பா நூறு தடவை அந்த வார்த்தையை எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கணக்குக்குப் புறத்தே போனதால் புறம்போக்கு, அவ்வளவுதான். ஊரார் வாயில் அது வசவாக மாறியதை நம்பி, ஒரு மலைநாட்டுப் பெண்கள் முதுகொடிய வேலை செய்யும் நிலத்தை நான் ஒன்றுக்கும் உதவாதது என்று எழுதிவிட்டேன்.

என் விடுதியில் அடுத்த அறையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று மாலை அவர் அறையில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஆய்வேடு குடுக்க இன்னும் எத்தினை நாள் கிடக்கு?" என்று கேட்டார்.

"ஆறு வாரம்."

"உதவித்தொகை?"

"செப்டம்பரோட சரி."

"உங்கட வாத்திமாரில ஆருக்காவது இந்தச் சொல்லு தெரியுமோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப உமக்கென்ன விசரே? வாயைத் திறக்காதையும். முதல் பட்டத்தை எடும். பிறகு ஆறுதலா இருந்து திருத்தலாம்."

"பரிந்துரை போயிடுமே அக்கா. பட்டியல்ல அந்த ஆளோட ஊரும் இருக்கு. நான்தான் எழுதினேன். வேலி போட்டுட்டாங்கன்னா அந்தப் பொம்பளைங்க புல்லுக்கு எங்கே போவாங்க?"

"ஓம், அது பிழைதான்" என்றார் அக்கா. "அந்தாள் சொல்லுறது உண்மையோ எண்டு முதல் பாரும். ஒரு ஆளின்ர கதையை மட்டும் வச்சு மூண்டு வருசப் படிப்பை எறிய ஏலாது. ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி மெக்கன்ஹைம் போனோம். என் சந்தேகங்களையெல்லாம் எழுதிக் கொண்டுபோய் மலைக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்த மாதம் சரிவை அடைப்பீர்கள், எந்த மாதம் திறப்பீர்கள், ஒரு மாட்டுக்கு எத்தனை கட்டு வேண்டும் என்று போலீஸ்காரியைப் போலக் குடைந்தேன். பெட்டியில் இருந்த பழைய அறிக்கை ஒன்றில் அர்த்தம் புரியாமல் விட்டிருந்த வரிகள் அவர் பதிலோடு அப்படியே பொருந்தின. தோட்டத்துக்குப் பின்னால் அந்த ஜெர்மன் விவசாயி வெட்டிய புல்லை வெயிலில் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். இதை என்னவென்று சொல்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். வீஸெ என்றார், இதுகூடத் தெரியாதா என்ற பாவனையில். புல்வெளி.

"ஓட்லாண்ட் இல்லையா?"

அவர் புல்வாரியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா என் முழங்கையைக் கிள்ளினார்.

திங்கட்கிழமை காலை பேராசிரியர் அறைக்குப் போனேன். அவர் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் செங்குத்துச் சரிவில் புல் அறுத்ததைப் பற்றி எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"உங்கள் வீட்டு வீஸெயை யாராவது ஓட்லாண்ட் என்று எழுதினால் உங்கள் தகப்பனார் என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"செருப்பால் அடிப்பார்" என்று சிரித்தார்.

"அதைத்தான் நான் எழுதியிருக்கிறேன்" என்று அட்டவணையை அவர் முன்னால் போட்டேன்.

நான் சொல்லி முடிக்கும்போது அவர் முகம் சிவந்துவிட்டது. "நீங்கள் இந்தியப் பெண். உங்களுக்குத் தெரியாதா? நான் உங்களை நம்பினேன்" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "மூன்று வருடமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! நான் அந்த ஊர்க்காரி இல்லை, அந்த மொழி தெரியாது, அந்த மலையைப் பார்த்ததில்லை! ஒரு தடவை போய்ப் பார்க்கக்கூட விடவில்லையே!" என்று கத்தினேன். வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. கத்தி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. பிறகு, "ஆனால் தப்பு என்னுடையது. தெரியாததைத் தெரியும் என்று எழுதியது நான்தான். கடிதத்தை நிறுத்துங்கள்" என்றேன்.

"அது வெள்ளிக்கிழமை மதியமே விமானத் தபாலில் போய்விட்டது" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆய்வேட்டில் ஒரு அடிக்குறிப்பு போட்டால் போதும், பட்டம் கிடைத்துவிடும் என்றார். அத்தியாயத்தை எடுத்தால் புதிதாக ஒன்று எழுத வேண்டும், ஒரு வருடமாவது ஆகும், உதவித்தொகையை நீட்டிக்க வழியில்லை என்றும் சொன்னார். அடிக்குறிப்போடு முடித்துக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அடிக்குறிப்பை எவன் படிக்கிறான்? ஆனால் திட்டத்துக்காரர்கள் நாளைக்கு, உங்கள் ஆய்வேட்டிலேயே ஆப்பிள் நடலாம் என்றுதானே இருக்கிறது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அத்தியாயத்தை எடுத்துவிட்டேன்.

அன்றைக்கே மறுப்புக் கடிதம் எழுதி, அவரும் நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். பரிந்துரை தவறு, பட்டியலில் உள்ள சரிவுகளில் கை வைக்க வேண்டாம், அவை ஊராரின் குளிர்காலத் தீவனம் என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். பதில் இல்லை. ஜூலையில் இன்னொன்று, ஆகஸ்டில் இன்னொன்று. மலைக்காரர் பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் முன் ஒருநாள் போய் உண்மையைச் சொன்னேன். நான்தான் உங்கள் ஊர் காஸ்னியில் ஆப்பிள் நடச் சொன்னேன், இப்போது வேண்டாமென்று எழுதியிருக்கிறேன் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எழுதிட்டீங்க இல்ல? நல்லது பெஹன்ஜி. படிச்சவங்க எழுதினா கேப்பாங்க" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார். அக்டோபரில் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தது. எங்கள் கடிதங்கள் கிடைத்தன, கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளன.

உதவித்தொகை நின்றதும் அக்கா தன் ஆஸ்பத்திரியிலேயே சலவைப் பகுதியில் எனக்கு வேலை பிடித்துக் கொடுத்தார். காலையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டேன், மதியத்துக்குமேல் காஸ்னியைப் பற்றிப் புது அத்தியாயம் எழுதினேன். ஏன் இன்னும் முடியவில்லை என்று அப்பா மாதாமாதம் கேட்டார். சொன்னால் அவருக்குப் புரியும், ஆனால் சொல்ல வெட்கமாக இருந்தது. 1973 கோடையில் வாய்மொழித் தேர்வு நடந்தது. கடைசி வகுப்பில் தேறினேன். டாக்டர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள அது போதும். அதே துறையில் உதவியாளர் வேலையும் கிடைத்தது. அக்கா கேக் வாங்கி வந்து, "பாத்தீரே, கெட்டிக்காரி" என்று என் கன்னத்தைத் தட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சரியானதைச் செய்துவிட்டோம், செய்த பின்னும் பட்டம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

1974 பிப்ரவரியில் துறை முகவரிக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. மலைக் கிராமத்திலிருந்து. அவர் சொல்லச் சொல்ல, அவருடைய ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். உங்களுக்கு டாக்டர் பட்டம் கிடைத்ததாக இங்கே வந்த ஜெர்மன்காரர் சொன்னார், ஊரே சந்தோஷப்பட்டது என்று ஆரம்பித்திருந்தது. எங்கள் காஸ்னிக்குப் போன வருடம் முள்கம்பி வேலி போட்டார்கள். நாங்கள் போய் உங்கள் பெயரைச் சொன்னோம். அதிகாரியும் உங்கள் பெயரைத்தான் சொன்னார். நீங்கள் எழுதிய தாளை எடுத்துக் காட்டினார். இரண்டாவது தாள் ஒன்று இருக்கிறது என்று சொன்னதற்கு, அது கோப்பிலிருந்து தன் மேஜைக்கு வந்தபோது நடவுக்கு உத்தரவு ஆகிவிட்டது என்றார். கன்றுகள் நன்றாகப் பிடித்திருக்கின்றன, ஜாதி நல்ல ஜாதி. எங்கள் வீட்டில் இரண்டு பசுக்களை விற்றாயிற்று. ஒன்றை மட்டும் வைத்திருக்கிறோம்.

கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். குத்தலாக எழுதியிருப்பாரோ என்று தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்.

"பெஹன்ஜி, மரம் காய்க்க இன்னும் ஏழெட்டு வருடம் ஆகும். நீங்கள் படித்தவர், எங்கள் ஊர் விஷயமும் தெரிந்தவர். அதுவரை இந்த ஒரு மாட்டுக்குக் குளிர்காலத்தில் என்ன போடலாம் என்று எழுதினால் நல்லது."

தாளை எடுத்துத் தேதி போட்டேன். அன்புள்ள அண்ணாவுக்கு என்று எழுதினேன். அதற்குமேல் எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை.